வெட்டும் இடத்தைத் தறி சொல்லும்

காஞ்சிபுரம் பட்டுப்புடவையில் முதலில் மூப்படைவது உடல்தான். பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் பெட்டிக்குள் கிடந்த கூறைப்புடவை ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். மடிப்பு விழுந்த கோடுகளில் பட்டு இற்றிருக்கும். கொசுவம் செருகிய இடத்தில் வியர்வை பட்டுச் சாயம் வெளுத்திருக்கும். விரலால் லேசாக இழுத்தாலே துணி விட்டுக்கொடுக்கும். கரையும் முந்தானையும் மட்டும் கல்யாணத்தன்று இருந்த கம்பீரத்தோடு இருக்கும். சரிகை சற்றுக் கறுத்திருக்கலாம். அதில் ஓடும் அன்னமும் யாளியும் மயில்கண்ணும் கலையாமல் நிற்கும்.

இப்படியான புடவைக்கு ஒரு வழி, தராசு. 'பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம்' என்று வரும் வியாபாரி சரிகையைத்தான் பார்ப்பார். அசல் சரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டு இழையின்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிகிறதா என்று சோதிப்பது அதனால்தான். தெரிந்தால் விலை படியும். பிறகு புடவை தீக்குப் போகும். பட்டு எரிந்து சாம்பலாகும், வெள்ளி உருகி மிஞ்சும். இரண்டு பேர் ஒரு தறியில் நாள் கணக்கில் உட்கார்ந்து செய்த வேலையில் வெள்ளியின் எடை ஒன்றுக்கு மட்டுமே மதிப்பு என்றாகிவிடுகிறது.

இன்னொரு வழி, கத்தரிக்கோல். பழைய பட்டைச் சுருக்குப் பையாக, பெட்டியாக, பொம்மை உடையாக, வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்கும் பரிசாக மாற்றும் கை. இதை வெறும் சிக்கனம் என்று கடந்து போகிறவர்கள் உண்டு. நான் இதைத் தறிக்கு அடுத்த கலை என்றே சொல்வேன். காரணம், இதில் நன்றாகச் செய்ததும் ஏனோதானோ என்று செய்ததும் துலக்கமாகத் தெரியும். நன்றாகச் செய்கிறவர் வெட்டுவதற்கு முன் புடவையைப் படிக்கிறார். நெய்தவர் எதை எதோடு சேர்த்தார், எங்கே நிறுத்தினார் என்று பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுக்கிறார்.

காஞ்சிப் பட்டில் படிக்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது கோர்வை. அசல் கோர்வைப் புடவையில் உடலுக்கு ஓர் ஓடம், இரு கரைகளுக்கும் தனித்தனி ஓடம் என மூன்று ஓடங்கள் ஓடும். கரையின் ஓடத்தைத் தள்ள நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வொரு வரிசையிலும் உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்பும். அதனால்தான் மாம்பழ மஞ்சள் உடலுக்குப் பக்கத்தில் அரக்குக் கரை ஒரு துளி மஞ்சள் கலக்காமல் நிற்க முடிகிறது. உடலின் ஊடையே கரைக்குள்ளும் ஓடிவிட்டால் அது கோர்வை இல்லை. கரையின் நிறத்தில் உடலின் நிறம் நிழலாடும். கோர்வையின் பின்புறத்தைத் தடவினால் இணைப்பு ஓடும் வழியெல்லாம் மெல்லிய மேடு ஒன்று விரலுக்குத் தட்டும்.

இரண்டாவது பெட்னி. உடலின் பாவு முடிந்து முந்தானையின் பாவு தொடங்கும் இடம். முந்தானை வேறு நிறமென்றால், உடலின் பாவு இழைகளோடு புது நிற இழைகளை ஒவ்வொன்றாக இணைத்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளை இப்படிச் சேர்ப்பது பொறுமையை உறிஞ்சும் வேலை. அந்த இடத்தில் துணி சற்றுத் தடித்து, இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரியும் ஒரு பட்டி விழும். கோர்வையும் பெட்னியும் சேர்ந்த புடவையில் உடல், கரை, முந்தானை மூன்றும் ஏறக்குறைய தனித்தனியாகப் பிறந்து தறியிலேயே கைகோத்தவை. அவற்றைப் பிரித்து வேறொன்றாக்க நினைப்பவருக்குக் கோடு போட்டுக் கொடுத்தவர் நெசவாளரே.

ஒரு சுருக்குப் பையை எடுத்துக்கொள்வோம். விவரம் தெரிந்த கை கோர்வை மேட்டின்மேல் ஒருபோதும் கத்தரி வைக்காது. கொக்கிகள் அறுந்தால் கரை அவிழத் தொடங்கிவிடும். மேட்டிலிருந்து அரை அங்குலம் உடலின் பக்கம் தள்ளி வெட்டினால் இணைப்பு முழுதாகக் கரையோடு வந்துவிடும். கரையின் வெளி ஓரம் தறியிலேயே முடிந்த ஓரம். அதை மடித்துத் தைக்கத் தேவையில்லை. ஆகவே அந்த ஓரம் பையின் வாயாக அமைய வேண்டும். பார்வை முதலில் விழும் இடத்தில் தையலே இல்லாத நேர்த்தி தானாக வந்துவிடுகிறது. சரிகையைக் குறுக்கே வெட்டிய பக்கங்கள்தான் தொல்லை: வெட்டு வாயில் வெள்ளித் தகடு சுருள் பிரிந்து நூலை விட்டு விலகும். அந்த இரு ஓரங்களையும் உள்ளுக்கு மடித்து, மடிப்பின்மேல் இன்னொரு மடிப்பு போட்டுப் பூட்ட வேண்டும். ஊசி மெல்லியதாக இருக்க வேண்டும். பட்டில் தடித்த ஊசி போட்ட ஓட்டை மறுபடி மூடாது. அதனால் தையல் பிரித்துத் தைக்கும் சலுகையும் இங்கே கிடையாது.

உள்ளே கொடுக்கும் துணிக்குப் பழைய வேட்டியை மிஞ்சியது எதுவும் இல்லை. பல சலவை கண்டு கஞ்சியெல்லாம் போன பருத்தி, இற்றுக்கொண்டிருக்கும் பட்டைப் பின்னாலிருந்து தாங்கும். கயிற்றுமுனைக் குஞ்சத்துக்குக் கடைக்கு ஓட வேண்டாம். முந்தானை நுனியில் முடிச்சிட்டுத் தொங்கும் குஞ்சம் பாவு இழைகளேதான்; அவற்றை அவிழ்த்து நீவி முறுக்கினால் பைக்கான நிறத்திலேயே கயிற்றுமுனைக்குப் பூங்குஞ்சம் கிடைத்துவிடும். இஸ்திரி போடுவது பின்புறத்தில், மேலே ஒரு துணியை விரித்து. முடிந்த பையைக் கையில் ஏந்தினால் அடியில் உடலின் மென்மையும் வாயில் சரிகையின் விறைப்பும் தெரியும். வாய் விறைப்பாக இருப்பதால் சுருக்கும்போது மடிப்புகள் ஒரே சீராக விழும். அழகுக்காக வைத்த கரை வேலைக்கும் உதவுகிறது.

இதே பட்டை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி, துண்டுக்கு எவ்வளவு தேறும் என்று மட்டும் பார்த்து வெட்டிய பைகளும் சந்தையில் உண்டு. பாதி அன்னம் ஒரு பக்கம், தலை வெட்டுண்ட மயில் மறுபக்கம். பழைய புடவையில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக அவற்றைப் பாராட்ட என்னால் முடிவதில்லை. மூலப்பொருள் பழையது என்பது தகுதியில் சேராது. அந்த மூலப்பொருள் பேசியதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

நம் வீடுகளில் இந்தக் கலையின் முதல் பள்ளிக்கூடம் கொலுதான். மரப்பாச்சிக்குத் துணி உடுத்தும் வேலை வீட்டுச் சிறுமியிடம் வரும். ஒரு சாண் உயரப் பொம்மைக்கு முழுப் புடவையின் தோற்றம் வர வேண்டுமென்றால் உடல் துணி பயன்படாது; கட்டம் கூட அதன்மேல் பெரிதாகிவிடும். குறுங்கரை ஒன்றை நீளவாக்கில் எடுத்துக் கொசுவி, அதன் வெளி ஓரம் பாதத்தில் விழும்படி சுற்றினால் மரப்பாச்சி சட்டென்று கல்யாணப் பெண்ணாகிவிடும். எது சிறிய இடத்தில் பெரிதாகத் தெரியும், எது தொலையும் என்ற அளவறிவு அந்த வயதிலேயே கைக்கு ஏறிவிடுகிறது. அம்மாவின் புடவை பெண்ணின் பாவாடையாவதும், பாவாடை சிறுத்த பின் பூஜையறைப் படத்துக்குத் திரையாவதும் அதே பாடத்தின் அடுத்த வகுப்புகள்.

கொலு என்றதும் காஞ்சியின் இன்னொரு கையும் நினைவுக்கு வரும். வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கும் சின்னக் காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரர்கள் வாழும் தெரு உண்டு. களிமண்ணோடு காகிதக் கூழிலும் அங்கே பொம்மை செய்கிறார்கள். படித்து எறிந்த காகிதம் ஊறி, அரைபட்டு, பசையும் சுண்ண மாவும் சேர்ந்து அச்சுக்குள் போகிறது. முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியே காய்ந்து, ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் ஏறியதும் கருட சேவையாக எழுந்து நிற்கிறது. 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அந்தக் கோயில் குளத்திலிருந்து அத்தி வரதர் வெளியே வந்து முதலில் சயனக் கோலத்திலும் பிறகு நின்ற கோலத்திலும் காட்சி கொடுத்தார். அந்த ஆண்டு நவராத்திரிக்கு இரண்டு கோலங்களும் கொலுப் படிக்கு வந்துவிட்டன. காகிதக் கூழின் சிறப்பு அதன் எடையின்மை. பெரிய பொம்மையையும் ஒரு பாட்டி தனியாகத் தூக்கி மேல்படியில் வைத்துவிடலாம். பட்டு வெட்டுபவர் இழையின் போக்கைப் பார்க்கிறார். இந்தக் கலைஞர் கூழின் ஈரத்தைப் பார்க்கிறார். இருவருக்கும் கழிவு என்பது இன்னும் வேலை முடியாத பொருள்.

பழந்துணியை மேலான பொருளாக்கும் மரபு நமக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்துப் பெண்கள் நைந்த புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, பழைய கரைகளிலிருந்து உருவிய நூலாலேயே ஓட்டுத்தையல் போட்டுக் கந்தா செய்தார்கள். வட கன்னடத்துச் சித்திப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்கு வாய்த்தது மெல்லிய பருத்தி. அடுக்கினால்தான் வலு, ஆகவே அடுக்கும் கலை வளர்ந்தது. நமக்கு வாய்த்தது கனத்த சரிகைக் கரை. அடுக்கினால் மடங்காது, ஊசி இறங்காது. அதனால் இங்கே கலை, ஒரு துண்டை ஒற்றையாக, அதற்குரிய இடத்தில் வைப்பதாக வளர்ந்திருக்கிறது. பொருளின் குணம்தான் கலையின் இலக்கணத்தை எழுதுகிறது.

கைவேலைச் சாமான்களை வைக்கும் பெட்டியும் இந்தக் கலையில் சேர்த்தி. தையல் பெட்டி என்று நம் வீடுகளில் யாரும் கடையில் வாங்கியதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த வட்ட பிஸ்கட் டப்பாவில் நூல்கண்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் பொத்தான், தீப்பெட்டிகளை ஒட்டிச் செய்த குட்டி இழுப்பறைகளில் கொக்கியும் ஊசியும். புடவைக்கடை கொடுத்த அட்டைப்பெட்டி இதற்கெல்லாம் ராஜா. அதன்மேல் பட்டு ஒட்ட நினைப்பவர்கள் இற்றுப்போன உடல் துணியை எடுக்கலாம். அட்டை தாங்குவதால் துணிக்கு வலு வேண்டியதில்லை. மைதாப் பசையில் பூச்சி வரும் என்பதால் புத்தகம் கட்டுபவர்கள் சிறிது மயில்துத்தம் கலப்பார்கள். அது நச்சு என்பதால் குழந்தைகளின் கைக்கு எட்டக் கூடாது; சரிகையின்மேலும் அந்தப் பசை படக் கூடாது. மிச்சத் துண்டுகளைக் கரை, முந்தானை, உடல் என்று பிரித்து, பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் உறை போடாமல் வைப்பது உத்தமம். ரசகற்பூர உருண்டையைச் சரிகையோடு ஒட்டி வைக்க வேண்டாம். அவ்வப்போது மடிப்பை மாற்றி மடித்தால் துண்டுகளும் நெடுநாள் உழைக்கும்.

பரிசு கொடுக்கும் நம் முறையைப் பார்த்தால் இந்தப் பைகளின் அருமை இன்னும் விளங்கும். நவராத்திரியில் வைத்துக் கொடுக்கும் ரவிக்கைத் துணி பல சமயம் தைக்கப்படாமலேயே வீடு வீடாகச் சுற்றிவரும். கல்யாணத் தாம்பூலப் பைகளுக்கும் ஏறக்குறைய அதே கதி. பெயரும் தேதியும் அச்சடித்து ஒரே நாளில் பழசாகிவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தடைக்கு வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. துணிப்பைக்கு மதிப்பு திரும்பியதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பரிசுக்கு இன்னும் ஒரு படி மேலே போகலாம். பாட்டியின் அறுபதாம் கல்யாணப் புடவையில் பேத்திகள் ஆளுக்கொரு சுருக்குப் பை தைத்துக்கொண்டால் ஒரு புடவை ஒரு குடும்பம் முழுவதற்கும் பங்காகிறது. உள்ளே ஒரு சிறு துண்டுத் தாளில் அது யாருடைய புடவை, எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று எழுதிவைக்க வேண்டும். எழுதாத பரிசின் கதை ஒரு தலைமுறையோடு நின்றுவிடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: கட்டக்கூடிய நிலையில் உள்ள புடவையைப் பைக்காக வெட்டுவது பாவம். உடல் இற்றுக் கரை மட்டும் திடமாக இருந்தால்கூட, முதலில் அந்தக் கரையைப் பிரித்துப் புதுப் பட்டில் வைத்துத் தைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அதுவும் முடியாதபோதுதான் பை, அதன் பிறகு பொம்மை உடை, கடைசியாகப் பெட்டியின் மேலுறை.

பழையதைப் போற்றினால் புதுப்புடவை விற்பனை குறைந்து, காஞ்சியின் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். சில ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-லேயே சட்டம் வந்தது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இருந்தும் விசைத்தறியில் ஓடிய துணி கைத்தறி என்ற பெயரில் கை மாறுகிறது. வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாததுதான் அந்த வியாபாரத்தின் முதலீடு. ஒரு பழைய புடவையைத் தன் கையால் பிரித்து, கோர்வை மேட்டைத் தடவி, பெட்னியின் இழைகளை எண்ணிப் பார்த்து, சரிகையின் உள்ளே சிவப்பைக் கண்டவருக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் கடையில் உட்கார்ந்ததும் புடவையின் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பார். கரையில் உடலின் நிறம் நிழலாடுகிறதா என்று கேட்பார். மூன்று ஓடத்துக்கும் இரண்டு ஆளுக்கும் உரிய கூலியை மனம் ஒப்பிக் கொடுப்பார். நெசவாளருக்கு இன்று வேண்டியது இப்படிப்பட்ட வாடிக்கையாளர்தான். அவரை உருவாக்க, வீட்டில் இற்றுக் கிடக்கும் ஒரு புடவையும் ஒரு நல்ல கத்தரிக்கோலும் போதும்.