ஃபாஃபியனுக்கு முன்னால் ஒரு 1989

குவாண்டம் கணினிப் பேச்சு கோவைக் கல்லூரிகள்வரை வந்துவிட்டது. கூடவே ஒரு வரலாறும் பரவுகிறது: விசித்திர இடத்தியல் நிலைகள் என்றால் 1991-இல் மூரும் ரீடும் எழுதிய ஃபாஃபியன் அலைச்சார்புதான், மற்றதெல்லாம் அதன் நிழல். இந்த வரலாறு தவறு.

கிளிட்சிங் (1980), சூய்–ஷ்டோர்மர்–கோசார்ட் (1982), லாஃப்லின் (1983) எனத் தொடரும் குவாண்டம் ஹால் விளைவின் கதை வாசகர் அறிந்ததே. லாஃப்லினின் அலைச்சார்பில், நிரப்பு எண்ணின் (எலக்ட்ரான்கள் நிரப்பும் லாண்டவ் ஆற்றல் மட்டங்களின் எண்ணிக்கை) பகுதி ஒற்றைப்படையாக இருந்தால்தான் இடம் உண்டு. 1987-இல் வில்லெட் குழு கண்ட 5/2 அதில் அடங்கவில்லை; ஃபாஃபியன் அதற்கான விளக்கமாகவே பேசப்படுகிறது.

ராஜஸ்தானில் பிறந்த ஜைனேந்திர ஜெயினை உலகம் கூட்டு ஃபெர்மியானுக்காகக் கொண்டாடுகிறது. 2025-இல் உல்ஃப் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் அவர் 1989-இல் முன்வைத்த இன்னொரு கருத்து, பார்ட்டான், அதைவிடத் துணிச்சலானது. எலக்ட்ரானை ஒற்றைப்படை எண்ணிக்கையில் கற்பனைத் துகள்களாகப் பிரி. ஒவ்வொன்றையும் தனக்கான லாண்டவ் மட்டங்களை முழுமையாக நிரப்பவிடு. பின் மூன்றிழை நூலை முறுக்குவதுபோல ஒட்டிவிடு. நிரம்பிய மட்டங்களின் தலைகீழ் எண்களைக் கூட்டினால், நிரப்பு எண்ணின் தலைகீழ் கிடைக்கும். மூன்று பார்ட்டானும் தலா ஒரு மட்டம் நிரப்பினால் 1+1+1=3; அதுவே லாஃப்லினின் 1/3. இப்படிப் பிறக்கும் சில நிலைகளில் நான்-அபீலியன் துகள்கள் (இடம்மாற்றும் வரிசையைப் பொறுத்து நிலை மாறுபவை) உண்டென்று 1991-இலேயே வென் காட்டினார். அப்படியும் ஃபாஃபியனுக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்குகூட இதற்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. பெரிய இழப்பு அது.

2018-இல் பலராம், பர்கேஷ்லி, ருட்னர் மூவரும் ஐந்து பார்ட்டான்களை எடுத்தார்கள். மூன்று தலா ஒரு மட்டத்தையும், மற்ற இரண்டு எதிர்த்திசைப் புலத்தில் தலா இரண்டு மட்டங்களையும் நிரப்புகின்றன. 1+1+1−1/2−1/2=2. ஆக நிரப்பு எண் 1/2. அடியில் நிரம்பிக் கிடக்கும் 2-ஐச் சேர்த்தால் 5/2. இந்நிலை, ஃபாஃபியனின் துகள்–துளை இணையான எதிர்-ஃபாஃபியனின் அதே இடத்தியல் கட்டம். ஒரு பார்ட்டானின் 2-ஐ 3 ஆக்கினால் கூட்டுத்தொகை 13/6, நிரப்பு எண் 6/13. அடியிலுள்ள 2-ஐச் சேர்த்தால், 2010-இல் அளக்கப்பட்ட 2+6/13. ஒரே சூத்திரம், ஓர் எண் மாற்றம். இந்த அழகுக்காகவே நான் பார்ட்டான் பக்கம் நிற்கிறேன்.

மறுப்பும் வலுவானது. 2018-இல் மிதாலி பானர்ஜி குழு 5/2 நிலையில் அளந்த வெப்பக் கடத்தலும் 5/2 அலகு; எதிர்-ஃபாஃபியனுக்கு 3/2 வரவேண்டும். அளவீட்டோடு பொருந்தும் துகள்–துளைச் சமச்சீர் ஃபாஃபியனையோ கணினிக் கணக்குகள் ஆதரிப்பதில்லை. வழக்கு முடியவில்லை.

அஜித் பலராம் இப்போது பணியாற்றுவது தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில். 1962-இல் அல்லாடி ராமகிருஷ்ணன் அதைத் தொடங்கத் துணைநின்ற அன்றைய மாநிலக் கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம், பொள்ளாச்சி செங்குட்டைப்பாளையத்துக்காரர். கொங்கு நாட்டு இயற்பியல் ஆசிரியர்களே, ஜெயினின் பார்ட்டான் கட்டுரையை உங்கள் முதுநிலை மாணவர்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள்.