வாழைத்தண்டு நார்

வாழைத்தண்டை வட்ட வட்டமாக அரியும்போது, வில்லைகளுக்கு இடையே பட்டுப்போல நீளும் நாரை ஆள்காட்டி விரலில் சுற்றி எடுக்கிறோமே, அது வாழையின் தண்ணீர்க் குழாய்க்குள் இருந்த சுருள். சைலம் என்னும் அந்தக் குழாய்களின் உட்சுவரில் சுற்றிச் சுற்றி அமைந்திருப்பதுதான் கத்தி பட்டதும் பிரிந்து நீள்கிறது. தப்பிய மிச்சத்தையும் மோரில் போட்டுக் குச்சியால் கிளறினால் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

வெயிலில் இலை நீரை ஆவியாக விட, கீழிருக்கும் நீர் மேலே இழுபடுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால் அந்தத் தொடர் அறுவதில்லை. 1894இல் டப்ளினில் டிக்சன், ஜோலி என்னும் அறிவியலாளர்கள் முன்வைத்த விளக்கம் இது. இவ்வளவு இழுப்பிலும் மெல்லிய குழாய் ஒட்டிப்போகாமல் தாங்குவது அந்தச் சுருள்தான். தண்டு வளர வளர அதுவும் நீண்டு கொடுக்கிறது. என்ன நேர்த்தி!

வேரும் சும்மா இருப்பதில்லை. பொட்டாசியம், நைட்ரேட் போன்ற உப்புகளைத் தன் சக்தியைச் செலவிட்டு உள்ளே சேர்க்கிறது; உப்பைத் தொடர்ந்து நீரும் வருகிறது. தார் வெட்டிய வாழையின் அடிக்கட்டையில் மாலையில் குழி தோண்டி மூடிவைத்தால் விடிவதற்குள் நீர் ஊறி நிற்கும். மேலிருந்து இழுக்க ஓர் இலைகூடக் கிடையாது. அத்தனையும் வேர் தள்ளிய நீர்.