இலவசக் கல்வியும் திறந்த கல்வியும்

இலவசம் என்பது இலங்கையருக்கு நன்கு பழகிய சொல். 1945 இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1980 இல் இலவசப் பாடநூலும் வந்து சேர்ந்தது. அந்தப் பழக்கத்தில், இணையத்திலிருந்து ஒரு புத்தகத்தைக் காசில்லாமல் இறக்கிக்கொள்ள முடிந்தால் "இதுதானே திறந்த கல்வி" என்று நாம் திருப்திப்பட்டு விடுகிறோம். இலவசம் வேறு, திறப்பு வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாக்காமல் விட்டதனால் தமிழ் மொழிமூல மாணவர்கள் இழந்துகொண்டிருப்பது அதிகம்.

திறந்த கல்வி என்ற எண்ணம் உலகில் பரவிய வரலாறு நீண்டதல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தனது பாடநெறிக் குறிப்புகளை எல்லோருக்கும் பொதுவில் வைக்கப்போவதாக 2001 இல் அறிவித்தது. 2002 இல் யுனெஸ்கோ கூட்டிய ஒரு மன்றத்திலேயே 'திறந்த கல்வி வளங்கள்' என்ற தொடர் பிறந்தது. அவ்வாண்டின் இறுதியில் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்களும் வெளிவந்தன. ஒரு வளம் திறந்ததா என்று பார்க்க டேவிட் வைலி என்ற அறிஞர் ஐந்து உரிமைகளைச் சொல்கிறார். அதனை நம்மிடம் வைத்துக்கொள்ளல், பயன்படுத்தல், திருத்தல், வேறொன்றோடு கலத்தல், பிறருக்குப் பகிர்தல் என்பன அவை. காசு வாங்காமல் தருவது இவற்றில் முதல் இரண்டை மட்டுமே எட்டும். ஆசிரியனுக்கு வேண்டியதோ மூன்றாவதும் நான்காவதும். தன் வகுப்புப் பிள்ளைக்கு ஏற்ப ஒரு பாடத்தை மாற்றாமல் கற்பித்த ஆசிரியர் யார்?

இந்த உரைகல்லில் நமது கைவசமுள்ளவற்றை உரைத்துப் பார்ப்போம். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது செயலட்டைகளும் மாதிரி வினாத்தாள்களும் வட்ஸ்அப்பில் மழையாகப் பொழிந்தன. நானும் அனுப்பினேன். உயர்தர மாணவி ஒருத்தி அப்படி வந்த ஒரு செயலட்டையிலிருந்து சில வரிகளைத் தன் குறிப்பில் சேர்க்கப் பார்த்திருக்கிறாள். "சேர், கொப்பி பண்ணினா தமிழே வருகுதில்ல, இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா வருகுது" என்றாள். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆவணம் அது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கிலக் குறிகள். அதனைத் தேடினால் அகப்படாது. திருத்த அதே எழுத்துரு வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டவும் முடியாது. காசு கேட்காத கதவுதான், ஆனாலும் பூட்டிய கதவு. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தச் செயலட்டையைத் தயாரித்தவன் நான்தான்.

தமிழில் கதவைத் திறந்தவர்கள் இல்லாமலில்லை. மதுரைத் திட்டம் 1998 பொங்கல் தினத்தில் தொடங்கியது. சுவிட்சர்லாந்திலிருந்த கல்யாணசுந்தரம் வழிநடத்த, உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்பத்திலேயே தாங்கி வளர்த்தவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டவரான மயூரநாதன். 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வைக்கிறது. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட ஒரு சமூகத்துக்கு இந்தச் சேமிப்பின் அருமையை விளக்கத் தேவையில்லை. மல்லிகையின் பழைய இதழ் ஒன்றைத் தேடிக் கொழும்புக்குப் பஸ் ஏறிய எனது பட்டப்படிப்புக் காலத்தை நினைத்தால், இன்றைய மாணவர் அதிர்ஷ்டசாலிகள்.

ஆயினும் இந்தச் சேமிப்புகள் தம்மளவில் கல்வியாகி விடுவதில்லை. நூலகத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி பக்கங்களின் படங்கள். வாசிக்கலாம், உள்ளே சொல் தேடுவது கடினம். மதுரைத் திட்டத்தில் சீறாப்புராணத்தின் மூலபாடம் கிடைக்கிறது. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்களாக ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட காப்பியம் அது. பதினேழு வயதுப் பிள்ளை அதைத் திறந்து என்ன செய்யும்? பதம் பிரித்துக் காட்ட, அரபுச் சொற்களுக்குப் பொருள் சொல்ல, உமறுப் புலவர் எந்த இடத்தில் வரலாற்றைச் சொல்கிறார், எந்த இடத்தில் தமிழ்க் காப்பிய மரபுக்கு வளைகிறார் என்று சுட்ட ஆள் வேண்டும். மூலம் திறந்து கிடக்கிறது. உரையோ டியூஷன் வகுப்பில் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. பக்கத்து ஊரில் வகுப்பில்லாத பிள்ளைக்கு அதுவும் இல்லை. இந்த இடைவெளியை மதுரைத் திட்டத்தாரோ நூலகத்தாரோ நிரப்ப முடியாது. நிரப்ப வேண்டியவர்கள் பாடம் நடத்தும் நாம்.

நாம் என்ன செய்கிறோம்? இருபது வருடக் குறிப்புகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறோம். கேட்டால், "நம்மட உழைப்ப இன்னொருத்தன் பேர் போட்டு வித்துடுவான்" என்கிறோம். இந்தப் பயம் பொய்யல்ல, எனக்கும் அது நடந்திருக்கிறது. என் குறிப்பு வேறொருவர் பெயரில், அதே எழுத்துப்பிழைகளோடு, என் மாணவன் கையிலேயே திரும்பி வந்தது. ஆனால் அந்தத் திருட்டு நடந்தது என் குறிப்பில் பெயரோ உரிமமோ இல்லாததால். ஆட்சொற்குறிப்புடன் பகிரும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமம் கேட்பதே பெயரைத்தான். விற்பனைக்குத் தடை போட விரும்புவோருக்கு அதற்கும் தனி உரிமம் உண்டு. மதுரைத் திட்டமும் முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் பகிருங்கள் என்று மட்டுமே கேட்கிறது.

இது நமக்கு அந்நியமான ஒழுங்கா? உஸ்தாத் தன் மாணவருக்கு இஜாஸா கொடுப்பது எதற்கு? கற்றதைப் பிறருக்குக் கொண்டு செல்ல அனுமதி அது. கொண்டு செல்பவர் தான் யாரிடமிருந்து பெற்றார் என்ற ஸனதை மறைக்கக் கூடாது. பகிரும் அனுமதியும் மூலத்தைச் சொல்லும் கடமையும் சேர்ந்தே இருந்த மரபிலிருந்து வந்தவர்கள், அனுமதியையும் கொடுக்காமல், மூலத்தையும் சொல்லாமல் இருப்பதே விந்தை.

இணையம் வந்தால் ஆசிரியர் தேவையில்லை என்போரோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போண் இருக்கும் வீட்டில், டேட்டா முடிந்தால் பாடமும் முடிந்துவிடும். ஆகவே இறக்கி அச்சிட்டு, கொப்பியில் ஒட்டக்கூடியதாக வளங்கள் இருக்க வேண்டும். பெரிய நிதியும் நிறுவனமும் வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. புதிதாகத் தட்டச்சு செய்வதை யுனிகோடில் செய்வோம், பழைய பாமினிக் கோப்புகளை மாற்றுவோம். முதல் பக்கத்தில் பெயரையும் உரிமத்தையும் எழுதுவோம். வட்ஸ்அப் குழுவில் மட்டும் போடாமல், போண் மாறினாலும் அழியாத பொது இடமொன்றில் வைப்போம்.

நுபுவ்வத்துக் காண்டத்துக்கு நான் எழுதி வைத்த பாடக்குறிப்புகளை இந்த விடுமுறையில் யுனிகோடுக்கு மாற்றத் தொடங்கியிருக்கிறேன். அவற்றில் பிழைகள் இருக்கும். காண்பவர்கள் திருத்தட்டும், திருத்தியவர்கள் தம் பெயரையும் என் பெயருக்குக் கீழே சேர்த்துக்கொள்ளட்டும்.