'கருக்கு' காட்டும் திருச்சபை: கொள்கையும் நடைமுறையும்

பாமாவின் 'கருக்கு' (1992) தமிழ்த் தலித் தன்வரலாறுகளுள் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இதனைச் சமயத்தைத் துறந்தவரின் கதையாக வாசிப்போரும் உளர். அவ்வாசிப்பு நூலின் மையத்தைத் தவறவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

சமூக நிலை காரணமாக மனிதரை வேறுபடுத்துவது இறைத்திட்டத்திற்கு முரணானது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965ஆம் ஆண்டு ஆவணமொன்றில் அறிவித்தது. கதைசொல்லி கன்னியர் மடத்தில் காண்பதோ வேறு. ஏழைப் பிள்ளைகளுக்குப் பணியாற்றும் விருப்பத்தோடு துறவு பூண்டவர், வசதி படைத்தோர் பயிலும் பள்ளியில் அமர்த்தப்படுகிறார். ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தோர் வறுமையை அறியாது வாழ்கின்றனர். சாதியும் மடத்து மதிலைத் தாண்டி உள்ளே வந்துவிடுகிறது.

இம்முரணை அளக்க ஆசிரியர் புறத்திலிருந்து அளவுகோல் தேடவில்லை. பனங்கருக்கின் இருபுறக் கூர்மையை, இறைவார்த்தையை இருபுறமும் கூர்மையான வாளோடு ஒப்பிடும் எபிரேயர் திருமுகத்தோடு முன்னுரையிலேயே இணைக்கிறார். சபையின் மறைநூலே சபைக்கு உரைகல்லாகிறது. அச்சுறுத்தும் கடவுளை விலக்கி, ஒடுக்கப்பட்டோர் பக்கம் நிற்கும் இயேசுவைக் கதைசொல்லி ஏற்பதும் இவ்வடிப்படையிலேயே ஆகும்.

ஒருவரின் பட்டறிவு வழியாகவே மடம் காட்டப்படுவதால், கொள்கை நடைமுறையாகாமைக்கான நிறுவனக் காரணங்கள் நூலில் போதிய விரிவு பெறவில்லை. இது தன்வரலாற்று வடிவத்தின் எல்லை எனலாம். எனினும் நூலின் வலிமையும் அப்பட்டறிவிலேயே உள்ளது. ஆகவே மடத்தை நீங்குதலை நம்பிக்கையிழப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. சபை போதித்ததைச் சபையிடமே தேடிக் காணாதவரின் வெளியேற்றமாகவே அதனைக் கொள்ளுதல் வேண்டும்.