நார் நீளம் மட்டும் போதுமா?

காகிதத்துக்கான மரங்களைத் தரம்பிரிப்போர் முதலில் பார்ப்பது நாரின் நீளத்தை. அந்த அளவில் பைன், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களுக்கே முதலிடம். அவற்றின் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். தைலமர நார் பொதுவாக 1 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. சிமெண்ட் பைக்கு இந்த அளவுகோல் முற்றிலும் பொருந்தும்; நீண்ட நார்களின் பிணைப்பால்தான் பை கிழியாமல் தாங்குகிறது. புத்தகத் தாளையும் அதே கோலால் அளப்பது முறையியல் பிழை.

புத்தகத் தாளில் பின்பக்க எழுத்து முன்பக்கம் தெரியக் கூடாது; பரப்பும் சீராக இருக்க வேண்டும். ஒரே எடைக் கூழில் குட்டை நார்கள் எண்ணிக்கையில் மிகுதி. அதனால் ஒளி பன்மடங்கு சிதறி, தாள் ஊடுருவித் தெரியாமல் நிற்கிறது. வலிமைக் கணக்கில் குறையானது இங்கே தகுதியாகிறது. ஆனால் தைலமரத்தின் நீர்க்குழல் செல்கள் நாரைவிட அகலமானவை. தாளின் மேற்பரப்பில் சரியாக ஒட்டாதவை. ஆஃப்செட் அச்சில் மையின் பிசுக்கு அவற்றைப் பிய்த்தெடுக்க, தடித்த கறுப்புத் தலைப்பில் ஊசிமுனை வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. கூழை அரைக்கும் பக்குவத்தால் இதைக் குறைக்கலாம். அறவே ஒழிப்பது கடினம்.

மரத்தைக் காட்டிலும் தாளின் ஆயுளைத் தீர்மானிப்பது கூழாக்கும் முறை. 1844-இல் ஜெர்மனியின் கெல்லர் கண்ட வழி, மரத்தைக் கல்லில் அரைப்பது. 100 கிலோ மரத்தில் 90 கிலோவுக்கு மேல் கூழ் கிடைக்கும். மரத்தில் நார்களை ஒட்டிப் பிணைக்கும் லிக்னினும் உள்ளேயே தங்கிவிடும். வெயில் பட்டால் தாள் பழுப்பேறுவது அதனால்தான். டால் என்பவர் 1879-இல் கண்ட கிராஃப்ட் முறையோ காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்து, ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸில் மரச்சில்லுகளை வேகவைத்து லிக்னினைக் கரைக்கிறது. மரத்தில் பாதி போய்விடுகிறது என்ற குற்றச்சாட்டு உண்மைதான். ஆயினும் எஞ்சும் கருநீரை எரித்து நீராவியும், இட்ட ரசாயனத்தில் பெரும்பகுதியும் மீட்கப்படுகின்றன. அதன் கந்தக நாற்றத்துக்கு மட்டும் என்னிடம் சமாதானம் இல்லை.

என் தீர்ப்பு இது: நிலைத்து நிற்க வேண்டிய நூலுக்குத் தைலமரம், சவுக்கு போன்றவற்றின் கிராஃப்ட் கூழே உகந்தது, கிழியாத்தன்மைக்குச் சிறு பங்கு நெடுநார் சேரலாம். அரைத்த கூழின் இடம் நாளிதழ். விலையைக் காட்டி இலக்கியத்தை அதில் அச்சிடுவதை ஏற்க முடியாது. தாளின் கிராம் எடையைச் சொல்லும் பதிப்பகங்கள், கூழ் அரைத்ததா வேகவைத்ததா என்பதையும் நூல் விவரப் பக்கத்தில் அச்சிட வேண்டும்.