பேய் விழுந்து எழும் அழகு

இமயத்துக்கு ஓடிப்போய் மாயவித்தை கற்ற ஒரு கிழப்பேய் பாலைக்காட்டுக் காளி கோயிலுக்குத் திரும்பி வருகிறது. காளியைக் கும்பிட்டுவிட்டு, கற்றதைக் காட்ட அனுமதி கேட்கிறது. கோயிலில் இருக்கும் மற்றப் பேய்களெல்லாம் பல நாள் பட்டினி. வித்தை தொடங்கியதும் யானைத் துதிக்கைகளும் அறுபட்ட தலைகளும் ரத்த ஆறும் போர்க்களமும் கண்முன்னால் விரிகின்றன. பட்டினிப் பேய்களுக்கு நிதானம் போய்விடுகிறது. கூட்டமாக ஓடி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ரத்தம் என்று நினைத்து அள்ளினால் கையில் ஒன்றும் இல்லை. மறுபடி அள்ளுகின்றன, மறுபடியும் வெறுங்கை. முறம் முறமாக வளர்ந்த நகங்கள் முறிகின்றன. கடைசியில் கோயில் கணங்கள் கையை உதறிக்கொண்டு காளியிடம் முறையிடுகின்றன: இந்த வித்தையை இப்போதே நிறுத்தச் சொல், இல்லையென்றால் இந்தக் கூட்டமே செத்துப்போகும்.

பேய் செத்துப்போகுமாம். எழுதிய புலவருக்கு நகைச்சுவையின் நாடி எங்கே துடிக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

இது கலிங்கத்துப்பரணியில் ‘இந்திரசாலம்’ என்ற பகுதி. எழுதியவர் செயங்கொண்டார், முதலாம் குலோத்துங்கனின் அவைப்புலவர். 1070இல் பட்டமேறிய குலோத்துங்கனுக்குத் தலைநகர் கங்கைகொண்ட சோழபுரம். 1110ஐ ஒட்டி அவனுடைய தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தின் மேல் படையெடுத்து வென்ற கதைதான் நூலின் பொருள். பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லித் தந்தது அந்த வெற்றியை. போர்க்களத்தில் ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனைப் பாடுவது பரணி என்ற இலக்கணத்தை. நூலைக் கையில் எடுத்துப் படித்தால் அரசனும் தளபதியும் வரும் இடங்களைவிடப் பேய்கள் வரும் இடங்களே நெஞ்சில் நிற்கின்றன. போரே அவற்றின் சாப்பாட்டுக்காக நடந்ததுபோல் இருக்கிறது.

உலக சினிமாவின் ஊமைப்பட காலத்தில் ‘பேய் வீடு’ என்று ஒரு வகைக் குறும்படம் உண்டு. பாழடைந்த பங்களா, கிரீச்சிடும் கதவு, வெள்ளைத் துணி போர்த்திய உருவம், நடுங்கிக்கொண்டே உள்ளே நுழையும் ஒரு அப்பாவி. 1920இல் ஹெரால்ட் லாய்டு ‘ஹான்டட் ஸ்பூக்ஸ்’ எடுத்தார். அந்தப் படவேலை நடந்துகொண்டிருந்த 1919 ஆகஸ்டில், ஒரு புகைப்படத்துக்காகக் கையில் பிடித்த போலி வெடிகுண்டு உண்மையாகவே வெடித்து, வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. குணமாகி வந்து மீதிப் படத்தை முடித்தார். அதன்பின் எத்தனையோ படங்களில் உறை மாட்டிய அந்தக் கையோடுதான் சுவரேறினார். 1921இல் பஸ்டர் கீட்டன் ‘தி ஹான்டட் ஹவுஸ்’ எடுத்தார். இந்த வகையில் என் மனம் முதலிடம் கொடுப்பது இந்தப் படத்துக்குத்தான்.

கீட்டனின் வீட்டில் ஒரு மாடிப்படி இருக்கிறது. பாதி ஏறியதும் படிகள் மடங்கிச் சறுக்குப் பலகையாகிவிடும். கீட்டன் ஏறுவார், சறுக்குவார், எழுந்து மறுபடி ஏறுவார். முகத்தில் ஒரு சலனம் இருக்காது. ஓரிடத்தில் இரண்டு எலும்புக்கூடுகள் கை, கால், உடம்பு, தலை என்று ஒவ்வொன்றாக எடுத்துவந்து ஒரு ஆளைப் பூட்டி நிறுத்துகின்றன. அந்த ஆள் எழுந்து நடக்கிறான். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்கப் பேய்கள் குறுக்கும் நெடுக்கும் போகவர, கீட்டன் நடுவில் நின்று போக்குவரத்துக் காவலர்போல் கைகாட்டி அவற்றை வழிவிட்டு அனுப்புகிறார். பயம் தெளிந்த கணம் இதுதான் என்று வசனம் வைத்துச் சொல்லவில்லை. கை அசைந்த விதமே சொல்லிவிடுகிறது.

ஆனால் அந்த வீட்டுப் பேய்கள் எல்லாம் ஆட்கள். கள்ளநோட்டு அடிக்கும் கும்பல், ஊரை அண்டவிடாமல் இருக்க வேஷம் போட்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பேய்வீட்டுக் குறும்படங்களில் பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு: போர்வையைத் தூக்கினால் உள்ளே ஒரு திருடன். சிரிப்பு, பயப்படும் மனிதனுடையது.

செயங்கொண்டார் எட்டு நூற்றாண்டு முன்னாலேயே வேறொரு வழி பிடித்திருக்கிறார். அவருடைய வீட்டில் மனிதனே கிடையாது. அறுபட்ட தலைகளைச் செங்கல்லாக அடுக்கி, ரத்தமும் நிணமும் குழைத்த சாந்து பூசி எழுப்பிய கோயில். சுற்றிலும் பாலை, நிழலே பயந்து ஓடிப்போன இடம். தாகம் தாளாத மான், செந்நாயின் வாயில் வடியும் நீரை நக்கி விக்கலைத் தணித்துக்கொள்கிறது. இப்படி அடுக்கடுக்காக நடுக்கத்தை ஏற்றிக்கொண்டு போய், அதன் நடுவில் குடியிருப்பவர்களைக் காட்டுகிறார் பாருங்கள்: வயிறு முதுகோடு ஒட்டிய, பனைமரம்போல் கால் நீண்ட, மண்வெட்டியும் கலப்பையும் கோத்ததுபோல் பல் வளர்ந்த, சோற்றுக்கு ஏங்கும் ஒரு கூட்டம். அதில் நொண்டி, குருடு, ஊமை, செவிடு, கூன், குள்ளம் எல்லாம் உண்டு. பயமுறுத்த வேண்டியவர்களே பாவப்பட்டவர்கள். வாயைச் சுற்றி ஈ மொய்க்கிறது, அந்த நல்ல சகுனத்தை நம்பித்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவை காளியிடம் சொல்லும் இடத்தில் சிரிப்பும் இரக்கமும் சேர்ந்தே வருகின்றன. அந்த இரண்டையும் பிரிக்க முடியாத இடத்தில்தான் உடம்பால் ஆடும் நகைச்சுவை உச்சம் தொடுகிறது. கீட்டன் சறுக்கும்போது நமக்குள் வருவதும் அதே கலவைதான்.

இந்தக் கலவை கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் புதிதல்ல. பரணிக்கு முக்கால் நூற்றாண்டு முன்னால் முதலாம் ராசேந்திரன் எழுப்பிய கோயிலின் தெற்குச் சுவரில் ஆடும் சிவனைப் பாருங்கள். பலரும் வடக்குப் படிக்கட்டருகே இருக்கும் சண்டேசரையும் சரசுவதியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அவை பார்க்க வேண்டியவைதான். இருந்தாலும் தெற்கே வந்து நடராசரின் காலடியில் கண்ணை இறக்குங்கள். காரைக்கால் அம்மையார் இருக்கிறார். பேயுருவை வேண்டிப் பெற்றவர். எலும்பும் நரம்பும் வற்றிய மார்புமாக, ஆட்டத்தில் தன்னை மறந்து இருக்கிறார். பக்கத்தில் குட்டைக் கால், தொந்தி வயிற்றுப் பூதகணங்கள் வாத்தியம் வாசிக்கின்றன. மேலே அண்டம் அதிரும் ஆட்டம். கீழே கன்னம் உப்ப வாசிக்கும் குண்டன்கள். சோழச் சிற்பி பக்திக்கும் பேய்க்கும் வேடிக்கைக்கும் ஒரே கல்லில் இடம் கொடுத்திருக்கிறார். அந்தக் கண் பழகிய மண்ணில்தான் பரணியின் பேய்கள் பிறந்தன என்று நினைக்க எனக்குப் பிடிக்கிறது.

இனி பேய்கள் போர்க்களத்தில் சமைக்கும் கூழுக்கு வருவோம். நூலின் கடைசிப் பகுதியான ‘களம் பாடியது’ முழுக்கச் சமையல். அதற்கு முன்பே, கலிங்கத்தில் வெற்றி என்று செய்தி வந்ததும் பேய்கள் துணங்கை கொட்டி ஆடுகின்றன. ஆடுகிற வேகத்தில் இடுப்பில் இருந்த பிள்ளைகள் கீழே விழுவதுகூடத் தெரியவில்லை. இப்படி நடக்கும் என்று முன்பே கனவு கண்டு சொன்ன பேயைக் கழுத்தில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகின்றன. பிறகு களத்துக்கு ஓட்டம். ஓடியதும் பாய்ந்து தின்றிருந்தால் அது பேய்க்கதை. செயங்கொண்டாரின் பேய்கள் முதலில் பல் விளக்குகின்றன! யானைக் கொம்பால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்து, மூளையும் நிணமும் எண்ணெயாகத் தேய்த்து, ரத்த மடுவில் குளித்துவிட்டுத்தான் அடுப்பு மூட்டுகின்றன. முரசு உரல், யானைக் கொம்பு உலக்கை, செத்த வீரர்களின் பல் அரிசி, குதிரைப் பல் பூண்டு, மூளை தயிர். குத்தும்போது வள்ளைப்பாட்டு வேறு. நம் வீட்டு விசேஷத்தில் பின்கட்டில் நடக்கும் அத்தனை வேலையும் ஒன்று குறையாமல் நடக்கிறது. பொருள்கள்தான் பயங்கரம், முறை அப்படியே நம் முறை. அந்த ஒழுங்குதான் சிரிக்கவைக்கிறது.

பந்தி விசாரிப்பு அதைவிட நேர்த்தி. ஊமைப்பேய் வயிற்றைக் காட்டும், பானையைக் காட்டும், கையாலேயே பேசும். அதற்குக் கையாலேயே பதில் சொல்லி ஊற்றச் சொல்கிறார். குருட்டுப்பேய் கூழ் எங்கே எங்கே என்று தடவிக்கொண்டு வருகிறது. கணவன் குடிக்கமாட்டான் என்று சொல்லிச் சொல்லி அவன் பங்கையும் தானே குடித்துத் தீர்க்கிறது ஒரு பெண்பேய். சமணப்பேய்க்கு ஒருவேளை உணவு. மயிர் கிடக்கக்கூடாது, வடிகட்டி ஊற்று. புத்தப்பேய் உடம்பு முழுக்கத் தோல் போர்த்தி உட்கார்ந்திருக்கிறது, அதற்குக் கஞ்சிப் பதம். பார்ப்பனப்பேய் பிச்சை கேட்கும் முறைப்படி கேட்கிறது. மதங்களின் நியமங்களைத் தொட்டுக் கிண்டும் இந்த இடங்கள் இன்று சிலருக்கு உறுத்தலாம், உறுத்தட்டும். ஆனால் ஒரு பேயையும் பந்தியிலிருந்து எழுப்பிவிடவில்லை அவர். எல்லாருக்கும் கூழ் உண்டு. சாப்பிட்டபின் தாம்பூலமும் உண்டு: குதிரைக் காது வெற்றிலை, செத்தவர் கண்ணின் வெண்மை சுண்ணாம்பு.

ஊமைப்பேயின் அந்த ஒரு தாழிசையை நாடகம் எழுதுகிற யாரும் மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும். பசி, பானை, கை என்று மூன்றே அசைவு. வார்த்தைக்கு வேலை இல்லை.

தமிழ் சினிமாவில் இந்த வித்தையின் மிச்சம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் பங்களாப் படங்களைச் சொல்லமாட்டேன். 1964இல் வந்த ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யைச் சொல்வேன். ‘ஓஹோ புரொடக்ஷன்ஸ்’ முதலாளி செல்லப்பாவாக நாகேஷ், அப்பா விஸ்வநாதனாக டி.எஸ்.பாலையா. மகன் தான் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையை அப்பாவுக்குச் சொல்கிறான். வெளிச்சமான வீடு. பேயும் இல்லை, பாழடைந்த மாளிகையும் இல்லை. நாகேஷின் வாயிலிருந்து வரும் சத்தங்கள்தான் கதவு, காற்று, காலடி எல்லாம். எல்லாரும் நாகேஷைப் புகழ்கிறார்கள். நான் அந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் பாலையாவையே பார்ப்பேன். கேட்பது மட்டுமே அவர் வேலை. அலட்சியமாக உட்கார்ந்த எஸ்டேட் முதலாளி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கண் உருண்டு, கன்னம் துடித்து, குழந்தையாகிவிடுகிறார். மகன் காட்டியது இந்திரசாலம். அப்பா அள்ளியது வெறுங்கை. சித்ராலயா கோபுவின் வசனம் நல்ல வசனம்தான். அந்தக் காட்சியைத் தாங்கி நிற்பது பாலையாவின் முகத்தசை.

நாற்பது ஆண்டு கழித்து, 2005இல் ‘சந்திரமுகி’யில் வடிவேலு வேட்டையபுரம் மாளிகைக்குள் அடியெடுத்து வைக்கும்போது, பாலையா உட்கார்ந்தபடி செய்ததை அவர் முழு உடம்பாலும் செய்தார். முழங்கால், தோள், தொண்டைக்குழி எல்லாம் தனித்தனியாகப் பயந்தன. அதற்குப் பின்னால் வரிசையாக வந்த பேய்ச்சிரிப்புப் படங்களில் பெரும்பாலானவை ஒப்பனையையும் கணினி வித்தையையும் நம்பின. பேய் பெரிதாகப் பெரிதாகச் சிரிப்பு சிறுத்தது. அவற்றில் பேய்க்குப் பழிவாங்கும் கதை இருக்கிறது, பசி இல்லை. மனிதர்களுக்கு அலறல் இருக்கிறது, உடம்பு இல்லை.

மறுபடி கங்கைகொண்ட சோழபுரம். கோயிலிலிருந்து சற்றுத் தொலைவில் மாளிகைமேடு. சோழ அரண்மனையின் செங்கல் அடித்தளங்களைத் தொல்லியல் துறை அகழ்ந்து வைத்திருக்கிறது. சுவர் கொஞ்சம், தரை கொஞ்சம், மேலே வானம். ராசேந்திரன் பிறந்த ஆடித் திருவாதிரை நாளில் ஊரில் விழா எடுக்கிறார்கள். பரதமும் உரைகளும் நடக்கின்றன. அந்த நாளில் ஓர் இரவு இந்திரசாலத்தையும் களம் பாடியதையும் கூத்தாக ஆடவேண்டும் என்பது என் ஆசை. தெருக்கூத்தில் தேர்ந்த ஆட்டக்காரர்கள் போதும். வெள்ளைத் துணி வேண்டாம், புகை வேண்டாம், ஒலிபெருக்கியில் ஓநாய் ஊளை வேண்டாம். மத்தளம், தாளம், ஒரு வெறும் பானை. ஊமைப்பேய்க்கு மட்டும் குழுவிலேயே மூத்த ஆட்டக்காரரைப் போடுங்கள். பந்தியில் அவர் வயிற்றைத் தொட்டு, பானையைப் பார்த்து, கையை நீட்டும் வரைக்கும் மத்தளக்காரர் அடிக்காமல் பொறுத்திருக்க வேண்டும்.