பூசினாற்போல் ஒரு பார்பி

2016 ஜனவரியில் மேட்டல் நிறுவனம் சதைப்பிடிப்பான 'கர்வி' பார்பியை அறிமுகப்படுத்தியபோது வந்த விமர்சனங்களில் பெரும்பாலானவை அவளுடைய இடுப்பளவோடு நின்றுவிட்டன. பாராட்டியவர்கள் இடுப்பு பெருத்ததைப் பாராட்டினார்கள். குறை சொன்னவர்கள் இன்னும் பெருத்திருக்கலாம் என்றார்கள். இரண்டுமே அரைகுறை மதிப்பீடுகள். பார்பி உடுத்தி விளையாடும் பொம்மை. உடம்பைப் பார்த்த கையோடு அவளுடைய துணிப்பெட்டியையும் திறந்து பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும்.

அதே சமயம் அறிமுகமான உயரமானவளையும் குள்ளமானவளையும் பற்றிப் பேச அதிகம் இல்லை. பழைய ஒல்லி உடம்பைக் கொஞ்சம் இழுத்தும் கொஞ்சம் குறுக்கியும் செய்தவர்கள் அவர்கள். வம்பை இழுத்தவள் கர்விதான்.

கையில் எடுத்ததும் வித்தியாசம் தெரிகிறது. தொடை, கெண்டைக்கால், மேற்கை எல்லாம் திரண்டிருக்கின்றன. வயிறு லேசாக முன்னால் வந்திருக்கிறது. பெரும்பாலும் நுனிக்காலில் நின்ற பார்பி வம்சத்தில் இவளுக்குத் தட்டைப் பாதம். குதிகால் தரையில் படுகிறது. ஆனால் கழுத்தும் முகமும் பழைய மாதிரியே மெலிந்திருக்கின்றன. இடுப்பு உள்வாங்கி மறுபடி விரியும் அந்த வளைவும் கலையவில்லை. சதை போட வேண்டிய இடங்களை ஒரு அழகுப்போட்டி நடுவர் தேர்ந்தெடுத்தது போல இருக்கிறது. இவள் தெருவில் நடந்துபோனால் யாரும் குண்டு என்று சொல்லமாட்டார்கள். 'கொஞ்சம் பூசினாற்போல இருக்கிறாள்' என்பார்கள், அவ்வளவுதான்.

இது அற்பமான மாற்றமா? பழைய கணக்கைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. பார்பியின் உடலமைப்பு ஒரு லட்சம் பெண்களில் ஒருத்திக்குக்கூட அமைவது அரிது என்று 1996-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவளுடைய ஜோடிப் பொம்மையான கென்னின் உடலமைப்போ ஐம்பது ஆண்களில் ஒருவருக்கு வாய்க்கக்கூடியது. 1965-இல் வந்த ஒரு பார்பியோடு எடை பார்க்கும் கருவி ஒன்றும் கொடுத்தார்கள். அதன் முள் 110 பவுண்டில் நிரந்தரமாக நின்றது. கூடவே உடல் இளைப்பதற்கு ஒரு குட்டிப் புத்தகம். அதில் இருந்த அறிவுரை, சாப்பிடாதே என்பது. அந்த வீட்டிலிருந்து தொடை திரண்ட ஒருத்தி வெளியே வந்தது பெரிய விஷயம்தான்.

ஆனாலும் மேட்டலால் இதைவிடத் துணிந்து செய்திருக்க முடியும். 2023-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ள பார்பியைச் செய்தபோது அமெரிக்காவின் தேசிய டவுன் சிண்ட்ரோம் சங்கத்தோடு உட்கார்ந்து, குட்டையான உடலும் நீண்ட நடுவுடலுமாகப் புதிய வார்ப்பே செய்தார்கள். அங்கே உண்மையான உடல் அளவுகோலாக இருந்தது. கர்வியிலோ பழைய அழகோடு பேரம் பேசியிருக்கிறார்கள். நிக்கொலாய் லாம் என்பவர் அமெரிக்க அரசின் சுகாதாரப் புள்ளிவிவரங்களிலிருந்து 19 வயதுப் பெண்ணின் சராசரி அளவுகளை எடுத்து, பொதுமக்களிடம் பணம் திரட்டி, 2014-இல் 'லாமிலி' என்ற பொம்மையைக் கொண்டுவந்தார். அளவில் நேர்மை என்று பார்த்தால் கர்வியைவிட லாமிலி ஒரு படி மேல். முகப்பரு, தழும்பு ஸ்டிக்கர்கள்கூட அவளுக்கு உண்டு. (பொம்மையோடு பாடமும் சேர்ந்து வருகிறதே என்று எனக்கு லேசான சலிப்பு. பரு ஒட்டி விளையாடும் ஆசை குழந்தைக்கா, வாங்கித் தரும் அம்மாவுக்கா?)

மேட்டல் மனம் மாறியதற்குக் காரணம் கல்லாப்பெட்டி என்பதில் சந்தேகமில்லை. 2012-க்கும் 2014-க்கும் இடையில் பார்பி விற்பனை ஐந்தில் ஒரு பங்கு விழுந்திருந்தது. அதனால் பொம்மை மட்டமாகிவிடாது. லாபத்துக்காகச் செய்த நல்ல பொருட்கள் உலகத்தில் நிறைய உண்டு.

இனி துணிப்பெட்டி. 1959-இல் பார்பியை உருவாக்கிய ரூத் ஹாண்ட்லர் அவளை மூன்று டாலருக்கு விற்றார். உடைகளைத் தனித்தனியாக விற்றார். ஷார்லட் ஜான்சன் என்ற வடிவமைப்பாளர் அந்தச் சின்ன உடம்புக்கு ஜிப்பும் உள்துணியும் வைத்துத் தைத்த உடைகளில்தான் வியாபாரமே இருந்தது. அன்றிலிருந்து விளையாட்டின் ஆதாரவிதி ஒன்றுதான்: இவள் சட்டை அவளுக்கும் பொருந்தும். பார்பியின் கவுனைத் தோழி கிறிஸ்டி போட்டுக்கொள்ளலாம். அக்காவின் டப்பா தங்கைக்கு வரும், அடுத்த வீட்டிலிருந்து கடன் வாங்கலாம்.

கர்வியிடம் அந்த விதி உடைகிறது. பழைய பார்பியின் ஜீன்ஸை மாட்டிப் பார்த்தால் முழங்கால் வரை ஏறி, தொடையில் நின்றுவிடும். கவுன் தலைவழியாக இறங்கும், ஆனால் முதுகில் வெல்க்ரோவின் இரண்டு ஓரமும் சந்திக்காது. செருப்பும் நுழையாது. டப்பா நிறையத் துணி இருக்கும் வீட்டில், வந்த அன்று போட்டிருந்த ஒரே உடையோடு கர்வி நிற்கிறாள். அவளுக்கென்று தனி உடைகள் விற்பனைக்கு வந்தன. ஒல்லி பார்பிக்குக் குவிந்து கிடப்பவற்றோடு ஒப்பிட்டால் அவை சொற்பம். பெரிய உடம்புக்காரர்கள் துணிக்கடையில் கேட்டுச் சலித்த பதில்தான் இது: உங்கள் சைஸ் இல்லை. பன்முகத்தன்மை பேச வந்த பொம்மை, ஆறு வயதுக் குழந்தைக்கு இந்தப் பதிலையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறது. இடுப்பு இன்னும் ஒரு நூல் அகன்றிருக்கலாமா என்ற வாதத்தைவிட இது எனக்குப் பெரிய குறை.

சரி, குழந்தைகள் என்ன சொல்கிறார்கள்? மேட்டல் தன் சோதனை அறையில் கர்வியைச் சிறுமிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு சிறுமி கர்வியின் குரலில் குண்டு, குண்டு என்று பாட ஆரம்பித்தாள் என்று அப்போதே 'டைம்' இதழ் எழுதியது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில் 3 முதல் 10 வயது வரையுள்ள 84 சிறுமிகள் முன் நான்கு உடல்வாகு பார்பிகளையும் வைத்தார்கள். விளையாட வேண்டாம் என்று அதிகம் ஒதுக்கப்பட்டவள் கர்வி.

இதைக் கர்வியின் தோல்வி என்று எழுதிவிடுவது எளிது. நான் ஒப்பமாட்டேன். வரிசையாக வைத்த நான்கில் ஒன்றைக் காட்டச் சொல்வது வேறு, ஒரே பொம்மையோடு ஒரு கோடை விடுமுறை முழுக்க வாழ்வது வேறு. தவிர, அந்த வெறுப்பைக் குழந்தைகள் அந்த அறையில் கற்கவில்லை, வரும்போதே கொண்டுவந்தார்கள். அதில் பழைய பார்பிக்கும் பங்கு உண்டு என்பதற்கு 2006-இல் இங்கிலாந்தில் 162 சிறுமிகளிடம் நடந்த ஆய்வு சாட்சி. பார்பி படங்களைப் பார்த்த சின்ன வயதுச் சிறுமிகளுக்குத் தங்கள் உடம்பின் மீதிருந்த திருப்தி குறைந்தது. ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை கூடியது. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு சங்கடமும் உண்டு. பருமனான பொம்மையின் படத்தைப் பார்த்தவர்களில் மூத்த சிறுமிகளுக்கு, வளர்ந்தபின் ஒல்லியாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் கூடவே செய்தது. ஆக, ஒல்லிப் பொம்மை கெடுதல் செய்யும் என்பதற்கு இருக்கும் ஆதாரம், பருமன் பொம்மை அந்தக் கெடுதலைப் போக்கும் என்பதற்கு இல்லை. கர்வியை மருந்தாக விற்பவர்களும் வாங்குபவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

உடம்புக்கு முக்கால் மதிப்பெண் கொடுக்கலாம். துணிப்பெட்டியில் அவளைப் படைத்தவர்களே அவளைக் கைவிட்டிருக்கிறார்கள். மருந்து என்று சொல்ல ஆதாரம் போதாது. இத்தனைக்கும் பிறகு வாங்கலாமா என்றால், வாங்கலாம் என்பேன்; ஆனால் ஏற்கெனவே டப்பா நிறைய ஒல்லி பார்பிகள் இருக்கும் வீட்டுக்குப் புதுவிருந்தாளியாக அல்ல. குழந்தையின் முதல் பொம்மையாகக் கர்வியை வாங்குங்கள், அவள் அளவுக்கு நாலைந்து உடைகளையும் சேர்த்து. பிறகு பிறந்தநாளுக்கு யாராவது பழைய பார்பியைக் கொண்டுவந்தால், அந்த வீட்டில் சட்டை தொளதொளவென்று தொங்கப்போவது அவளுக்குத்தான்.